மணலோடு தொட்டியைத் தூக்க விட்டது என் தப்பு, மீதி எல்லாம் கடைக்காரர் தப்பு

உப்புத் தண்ணீர் மீன் தொட்டியை வேறு ஸ்டாண்டுக்கு மாற்ற அக்வேரியக் கடையில் ஆள் கூப்பிட நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். கடை சென்னையில்தான் இருக்கிறது. பெயர் போடவில்லை.

என் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நான்கு வருடமாக ஓடுகிறது. இரண்டு க்ளவுன் மீன், மூன்று டாம்சல் மீன், ஒரு கிளீனர் இறால். பாறைகள் எல்லாம் செராமிக். (பவளத் துண்டைப் பாறை என்று யாராவது விற்றால் வாங்கிவிடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளமும் புலியும் ஒரே அட்டவணையில்தான் இருக்கின்றன.) பழைய இரும்பு ஸ்டாண்டு உப்பு பட்டுப் பட்டுத் துருப்பிடித்து, ஒரு கால் உதிரத் தொடங்கியிருந்தது.

கடைக்காரர் 710 மரைன் பிளைவுட்டில் (தண்ணீர் தாங்கும் பலகை) ஸ்டாண்டு, தொட்டியை மாற்றித் தருவதையும் சேர்த்து 18,500 ரூபாய் என்றார். பில் கேட்டேன். “ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான் சார் நஷ்டம்” என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பையன்கள் வந்தார்கள். மீன்களை ஒரே பக்கெட்டில் போட்டார்கள். ஏர் பம்ப்பைக்கூட நான்தான் எடுத்துவந்து வைத்தேன். பாறைகளைத் தரையில் காய விட்டார்கள். மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியா குடியிருப்பது பாறையிலும் மணலிலும்தான். பாறை காய்ந்தால் அதுவும் சாகும். பழைய தொட்டித் தண்ணீரிலேயே பாறையை மூழ்க வைத்திருக்க வேண்டும். சொன்னேன். “டெய்லி பண்றதுதான் சார், டென்ஷன் ஆவாதீங்க.”

அப்புறம் மணல். ஒரு சாண் தண்ணீரும் அடியில் மணலுமாக அப்படியே தூக்கினார்கள். ஒரு சாண் தண்ணீரே 80 லிட்டருக்கு மேல் வரும், கண்ணாடியும் மணலும் தனி. தூக்கும்போது அந்தத் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து அடித்தது. அந்த அடியைத் தாங்குவது மூலையில் இருக்கும் சிலிக்கான் ஒட்டுதான். அதைவிட மோசமான விஷயம், நான்கு வருட மணல் குலுங்கியது. அழுகிய முட்டை நாற்றம் ஹால் முழுக்க வந்தது. மணலுக்கு அடியில் காற்றுப் போகாத கறுப்பு அடுக்கில் ஹைட்ரஜன் சல்பைடு தங்கியிருக்கும். அதோடு நான்கு வருடக் கழிவும் கிளம்பித் தண்ணீரில் கலக்கும். பழைய மணலைத் தனியாக அள்ளி, தூக்கிப் போடவாவது வேண்டும், இல்லை நன்றாக அலசியாவது திரும்பப் போட வேண்டும். இவர்கள் அதன் மேலேயே தண்ணீரை ஊற்றி, மீனையும் விட்டுவிட்டு மதியம் ஒரு மணிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

சாயங்காலம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அம்மோனியா டெஸ்ட் பச்சையாக வந்தது, அதாவது அம்மோனியா ஏறியிருக்கிறது. கடல் தண்ணீரின் பிஎச் 8-க்கு மேல் இருப்பதால், நன்னீரில் மீன் தாங்குகிற அளவு அம்மோனியாவே இங்கே மீனைக் கொல்லும். உடனே பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும், ஆனால் வீட்டில் கரைத்து வைத்த உப்புத் தண்ணீர் இல்லை. 100 லிட்டருக்கு மூன்றரை கிலோ அக்வேரிய உப்பு. கரைத்து, ஒருநாள் மோட்டார் ஓடவிட்டு, முன்னாடியே டிரம்மில் வைத்திருக்க வேண்டிய தண்ணீர் அது. ‘தண்ணி எல்லாம் நாங்க பாத்துக்கறோம்’ என்று கடைக்காரர் சொன்னதை நம்பினேன். காலையில் மூன்று டாம்சலும் இறாலும் போய்விட்டன. பெரிய க்ளவுன் புதன்கிழமை போனது.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். தொட்டியில் தண்ணீர் ஒரு பக்கம் விரல் உயரத்துக்கு ஏறியிருந்ததை இரண்டாம் நாள்தான் கவனித்தேன். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல், அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்துக் கண்ணாடிக்கு அடியில் ஒரு மூலையில் சொருகியிருக்கிறார்கள். 300 கிலோவுக்கு மேல் வரும் பாரம், கண்ணாடி முழுக்கப் பரவாமல் அந்த ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. முட்டுக் கொடுப்பதென்றால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில், அதுவும் தொட்டி ஏறுவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். போன் செய்தேன். “நாளைக்குப் பையனை அனுப்பறேன்.” அந்த நாளை வரவே இல்லை.

பத்தொன்பதாம் நாள் அதே மூலையில் கசிவு. ஒரே ராத்திரியில் ஸ்டாண்டின் அடிப்பலகை டீயில் விழுந்த பிஸ்கெட் மாதிரி உப்பியது. மேலே ஒட்டிய தாளை உரித்தால் உள்ளே மரத்தூள்! பார்ட்டிகிள் போர்டு. 710 மரைன் பிளைவுட் என்றால் ஒவ்வொரு பலகையிலும் ஐஎஸ்ஐ முத்திரையும் ‘ஐஎஸ் 710’ என்ற எண்ணும் அச்சடித்திருக்கும். லேமினேட் ஒட்டுவதற்கு முன்னால் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுத்திருக்கிறேன். பில் இல்லை. ஜிபே ரசீதும், ‘710 ப்ளை சார்’ என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும்தான் கையில் இருக்கின்றன.

இப்போது சதுர இரும்புக் குழாயில் பெயின்ட் அடித்த ஸ்டாண்டு, நம் தெரு வெல்டிங் பட்டறையில் செய்தது. தொட்டியை மறுபடி ஒட்டி, அடியில் தெர்மாகோல் போட்டு, சாதாரணத் தண்ணீரை நிரப்பி நான்கு நாள் விட்டுப் பார்த்தேன். மிச்சமிருக்கும் சின்ன க்ளவுன் நண்பர் வீட்டில் இருக்கிறது. அம்மோனியா பூஜ்யம் காட்டும்வரை அங்கேதான். உப்பிப்போன ஸ்டாண்டு பால்கனியில் கிடக்கிறது, வந்து எடுத்துப் போகச் சொல்லிக் கடைக்காரருக்கு இரண்டு தடவை படத்தோடு அனுப்பிவிட்டேன்.