ஒலி வடிவத்தை ஒளிக்காமல் காட்டும் 7.2 சேனல் ரிசீவர்: ஒரு மதிப்பீடு

ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்குவோர் பெரும்பாலும் எத்தனை வாட்ஸ் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் இருக்கும் நடுத்தர விலை 7.2 சேனல் ரிசீவரை (ஏழு ஸ்பீக்கர்களுக்கும் இரண்டு சப்வூஃபர்களுக்கும் ஒலி தரும் கருவி) நான் பரிந்துரைப்பதற்கு வாட்ஸ் காரணமல்ல. ரிமோட்டின் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் திரையில் விரியும் ஒரு பக்கமே காரணம். உள்ளே வரும் ஒலி எந்த வடிவத்தில், எத்தனை சேனல்களாக வருகிறது, அது எந்தெந்த ஸ்பீக்கர்களுக்குப் போகிறது என்பதை அப்பக்கம் தனித்தனியாகக் காட்டுகிறது.

முன்பக்க டிஸ்ப்ளேவை மட்டும் நம்புவது போதாது. அதில் ‘டால்பி சரவுண்ட்’ என்று எழுதியிருந்தாலும், வருவது வெறும் இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்கப்படாத டிஜிட்டல்) ஒலியாக இருந்து, அதை ரிசீவரே எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பரப்பிக்கொண்டிருக்கலாம். இன்ஃபோ பக்கத்தில் ‘பிசிஎம் 2.0’ என்று கண்டால், ரிசீவரை விட்டுவிட்டு டிவியின் ஒலி அமைப்புக்குப் போய், டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம்மிலிருந்து ‘ஆட்டோ’வுக்கோ ‘பாஸ் த்ரூ’வுக்கோ (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) மாற்ற வேண்டும். ஓடிடி செயலிகள் தரும் அட்மாஸ் (மேலிருந்தும் ஒலி கேட்கச் செய்யும் டால்பி முறை) பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவத்தில் வருவதால், அதற்கு, டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் சாதாரண ஏஆர்சி இணைப்பே போதுமானது.

புளூரே தட்டுகளில்தான் சிக்கல் நுணுக்கமானது. ட்ரூஹெச்டி (டால்பியின் இழப்பற்ற ஒலி வடிவம்) அட்மாஸ் என்று உறையில் அச்சிட்டிருந்த தட்டைப் போட்டபோதும், இன்ஃபோ பக்கம் ‘டால்பி டிஜிட்டல் 5.1’ என்றே காட்டியது. பிளேயரில் பிட்ஸ்ட்ரீம் (தட்டிலுள்ள ஒலியை அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் முறை) தேர்வாகியிருந்தது, கேபிளிலும் குறையில்லை. காரணம், பிளேயரின் ‘செகண்டரி ஆடியோ’ அமைப்பு. மெனுவின் டிக் ஒலியையும் படத்தின் மேல் வரும் விளக்க உரையையும் கலந்து தருவதற்காக, அது மூல ஒலியைப் பிரித்து, கலந்து, தரம் குறைந்த வடிவத்தில் மீண்டும் குறியாக்கி அனுப்புகிறது. பல பிளேயர்களில் இது தொடக்கத்திலேயே ‘ஆன்’ நிலையில் இருக்கிறது. அதை அணைத்துத் தட்டை மறுபடி ஓடவிட்டதும் பக்கத்தில் ‘அட்மாஸ், ட்ரூஹெச்டி’ என்று வந்தது. அதுவரை ஊமையாக இருந்த உயர ஸ்பீக்கர்கள் இரண்டிலிருந்தும் மழை தனியே பிரிந்து கேட்டது. அந்தப் பக்கம் இல்லாத ரிசீவராக இருந்திருந்தால், ஸ்பீக்கர் வயரிங்கைத்தான் பிரித்துப் போட்டிருப்போம்.

குறைகளும் உண்டு. டைனமிக் ரேஞ்ச் அமைப்பு ‘ஆட்டோ’வில் வருவதால், சில டால்பி ஒலித்தடங்களில் உரத்த காட்சிகள் அமுங்கிப் போகின்றன, அதை ‘ஆஃப்’ செய்தால்தான் வெடிச்சத்தத்துக்கும் முணுமுணுப்புக்கும் இடையிலான முழு இடைவெளி கிடைக்கிறது. இரவில் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவின்றிப் பார்க்க அந்த வசதி பயனுள்ளதே, ஆனால் அது பயனர் விரும்பி இயக்க வேண்டியது. ஏஆர்சியும் தொழிற்சாலையிலிருந்து அணைந்த நிலையிலேயே வருகிறது. இதைப் பற்றித் துரித வழிகாட்டி ஒரு வரிகூடச் சொல்லவில்லை, வாடிக்கையாளர் சேவையில் கேட்டபோதோ கேபிளை மாற்றச் சொன்னார்கள். இவ்வளவு நல்ல கருவிக்கு இப்படியொரு ஆதரவு பொருந்தவே இல்லை.

வாங்குவதற்கு முன் உங்கள் டிவியின் பின்புறத்தைப் பாருங்கள். ட்ரூஹெச்டி போன்ற இழப்பற்ற ஒலியை டிவி வழியாக ரிசீவருக்குக் கொண்டுவர, 2017இல் எச்டிஎம்ஐ 2.1 தரத்துடன் அறிமுகமான இஏஆர்சி (ஏஆர்சியின் மேம்பட்ட வடிவம்) தேவை. அது இல்லாவிட்டால், பிளேயரை நேரடியாக ரிசீவரின் எச்டிஎம்ஐ துளையில் செருகினால் போதும். டிவியில் ஆப்டிகல் வெளியீடு மட்டுமே இருந்து, அதன் உள்ளிருக்கும் செயலிகளில்தான் எல்லாப் படங்களையும் பார்ப்பவர்கள் இந்த ரிசீவருக்கு இப்போது செலவழிக்க வேண்டாம். ஆப்டிகல் கேபிள் சாதாரண 5.1 டால்பி டிஜிட்டலுக்கும், அதே போன்ற இன்னொரு வடிவமான டிடிஎஸ்ஸுக்கும் மேல் எதையும் கொண்டுவராது.