தானாக நேரம் மாற்றும் சிக்னல்: லூப் மாற்றிய கையோடு எழுதுவது

இரவு பதினொன்றரை. கிளைச்சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் அதற்கு 25 விநாடி பச்சை விழுகிறது. பிரதான சாலையில் நிற்பவர்கள் கம்ப்யூட்டரைத் திட்டுகிறார்கள். கணக்கில் பிழை இல்லை. தாருக்கு அடியில் லூப், அதாவது மேலே வண்டி நிற்பதை உணரும் கம்பிச் சுருள், அறுந்திருக்கிறது. அறுந்த லூப்பை "வண்டி நிற்கிறது" என்றே எடுத்துக்கொள்ளும்படிதான் லூப்பைக் கவனிக்கும் கருவியான டிடெக்டரை அமைப்பார்கள், உண்மையாகவே நிற்பவருக்குப் பச்சை வராமல் போய்விடக் கூடாதே என்று. அதனால் 7 விநாடியில் முடிய வேண்டிய பச்சை உச்சவரம்பு வரை ஓடுகிறது.

லூப் நலமாக இருந்த மாதங்களில் இதைவிட நல்ல சிக்னல் கிடையாது. சிட்னியில் 1970களில் பிறந்த ஸ்காட்ஸ் (SCATS) என்னும் சிக்னல் கட்டுப்பாட்டு முறையின் வழியிலான கணக்கு: நிறுத்தக்கோட்டில் வண்டிகளுக்கிடையே விழும் இடைவெளியை அளந்து, பச்சையில் எவ்வளவு வீணானது என்று பார்த்து, சுற்றுக்குச் சுற்று நேரத்தைத் திருத்தும். மழை நாளில் அது நேரத்தைப் பங்கிடுவதைப் பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கும்.

ஆனால் கம்பி கிடப்பது ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில். சாலையைச் சுரண்டும் மில்லிங் இயந்திரமும் அந்த ஆழம் வரை இறங்கிவிடும். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை.

லூப் மாற்றுகிறவர்களுக்கு: தாரில் வெட்டும் பள்ளத்தின் மூலைகளைச் சாய்த்து வெட்டுங்கள், செங்கோண மூலை கம்பியின் உறையைக் கிழிக்கும். பள்ளம் நன்றாகக் காய்ந்த பிறகு கம்பியை மூன்று சுற்று சுற்றுங்கள். சிக்னல் பெட்டி வரை போகும் இரு முனைகளை மீட்டருக்குப் பதினைந்து முறுக்காவது முறுக்குங்கள். மூடுவதற்கு முன் 500 வோல்ட் மெக்கர் (கம்பி உறையின் மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். 100 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மூடாதீர்கள், முதல் மழையிலேயே, வண்டி இல்லாதபோதும் இருப்பதாகச் சொல்லும் பொய்யழைப்பு தொடங்கிவிடும். பக்கத்து லேன் லூப்புக்கு வேறு அதிர்வெண் வையுங்கள்.

பைக்காரர்கள் லூப்பின் நடுவில் நின்றால் அதற்குத் தெரியாமல் போகலாம். வெட்டுக்கோட்டின் மேலேயே நிறுத்துங்கள். உணர்திறனைக் கூட்டினால் சரியாகும், ஆனால் பக்கத்து லேனில் போகும் பஸ்ஸையும் எண்ணத் தொடங்கும்.

இவ்வளவு பாராட்டிய பிறகும், வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்வேன். அறுந்த லூப்பை ஒரு வாரத்துக்குள் மாற்ற ஆள் இல்லாத ஊரில் சுற்றின் நீளத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும் வெப்ஸ்டரின் 1958 சூத்திரம் போதும். இழப்பு நேரம் (ஒரு சுற்றில் வண்டி நகராமல் வீணாகும் நேரம்) 12 விநாடி, ஓட்ட விகிதக் கூட்டல் (வரும் வண்டிகளுக்கும் சாலை கடத்தக்கூடிய வண்டிகளுக்கும் உள்ள விகிதங்களின் கூட்டல்) 0.7 என்றால் (1.5×12+5)÷0.3, ஏறக்குறைய 77 விநாடிச் சுற்று. காலை, மாலை, இரவு என்று மூன்று அட்டவணை போட்டுவிட்டால் தாருக்கு அடியில் கம்பியே வேண்டாம்.