பற்றாசுக்கு மாற்று: வெள்ளிப் பசையா, வயர் ராப்பா?

பற்றாசு (சால்டர், அதாவது உருக்கிப் பாகங்களை ஒட்டும் உலோகக் கலவை) இல்லாமல் மின்சுற்றுப் பலகையில் பாகங்களைப் பொருத்த நினைப்பவர்முன் மூன்று வழிகள் உள்ளன: வெள்ளித் துகள் கலந்த எபாக்சி பசை, துளைக்குள் அழுத்திச் செருகும் பிரஸ் ஃபிட் முள், சதுரத் தூணில் கம்பியைச் சுற்றும் வயர் ராப். தகரமும் பிஸ்மத்தும் கலந்து 138 டிகிரி செல்சியசில் உருகும் கலவையையும் சிலர் மாற்று என்பார்கள். அதுவும் பற்றாசுதான் என்பதால் விட்டுவிடுகிறேன். ஒன்றிரண்டாக நான் கட்டும் மாதிரிக் கருவிகளுக்கு வயர் ராப்பையே தேர்ந்தெடுத்திருப்பதால், என் சாய்வு அதன் பக்கமே.

பிரஸ் ஃபிட் பற்றிச் சொல்லக் கொஞ்சமே உண்டு. ஊசிக்காது போன்ற வடிவில் நெகிழும் முள் செம்பு பூசிய துளையின் சுவரை இறுக்கிப் பிடிப்பதால் இணைப்பு உறுதியாக இருக்கும். ஆனால் துளையின் அளவு துல்லியமாக இருக்க வேண்டும், அழுத்தும் கருவியும் வேண்டும். இது பெரும்பாலும் கனெக்டர்களுக்கான தொழிற்சாலை முறை. என் கைப்பழக்கத்தில் இல்லை.

பசையின் பலம், அதிக வெப்பம் தேவைப்படாதது. ஈயமில்லாப் பற்றாசு ஏறத்தாழ 217 டிகிரியில்தான் உருகத் தொடங்குகிறது. சில வெள்ளிப் பசைகளோ அறை வெப்பத்திலேயே இறுகிவிடும். சூடு தாங்காத பிளாஸ்டிக் தாளில் பாகம் வைக்க வேண்டுமென்றால் வேறு பேச்சுக்கு இடமில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது பொருத்துவதன் எளிமை அன்று, கழற்றுவதன் எளிமை. இறுகிய எபாக்சியைச் சூடாக்கினால் இளகுமே தவிரத் திரும்ப உருகாது. பாகத்தை நெம்பி எடுக்கும்போது அடியிலுள்ள செம்புத் திட்டும் சேர்ந்தே உரிந்துவரக்கூடும், மிச்சப் பசையையும் சுரண்டியாக வேண்டும். வயர் ராப்பில் ஐசி எனும் சிப், அந்தத் தூண்களைக் கொண்ட சாக்கெட்டில் அமர்ந்திருப்பதால் எந்த இணைப்பையும் தொடாமலே அதை மாற்றலாம். இணைப்பையே மாற்ற வேண்டுமானாலும் கம்பி சுற்றும் கருவியை எதிர்த்திசையில் திருப்பினால் கம்பி கழன்றுவிடும். அந்தத் துண்டை மட்டும் எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றினால் போதும். தூணின் கூரிய விளிம்புகள் கம்பியைக் கடித்துப் பிடிப்பதால், ஏழு சுற்றுச் சுற்றிய இணைப்புக்குள் காற்றுகூடப் புகாது, துருவும் ஏறாது. அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டிக் கணினியிலும் மாட்யூல்களை இப்படித்தான் இணைத்திருந்தார்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: ஒரே தூணில் இரண்டு மூன்று கம்பிகள் அடுக்கப்படும்போது, ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளும் ஒரே அடுக்கில் அமைய வேண்டும். அப்படி அமைக்காவிட்டால் ஓர் அடிக்கம்பியை எடுக்க, ஒன்றன்பின் ஒன்றாகப் பல கம்பிகளை அவிழ்க்க நேரிடும்.

வயர் ராப்பின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. பலகையின் அடியில் தூண்கள் நீண்டு நிற்பதால் கருவி தடிமனாகிவிடுகிறது. கம்பிகள் நெருங்கி ஓடுவதால் ஒன்றின் சிக்னல் மற்றொன்றில் கலக்கிறது. நான் கட்டியவை வேகம் குறைந்த மின்சுற்றுகள் என்பதால், வேகமானவற்றுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை.

கால் முளைக்காத சிறு எஸ்எம்டி பாகங்களை (பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டப்படுபவை) எந்தத் தூணிலும் சுற்ற முடியாது. அங்கே நானும் பசையைத்தான் நாடுவேன். அப்போது பாகத்தின் முனைகள் தகரம் பூசியவையா என்று முதலில் பார்க்க வேண்டும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் வெள்ளிக்கும் தகரத்துக்கும் இடையே அரிப்பு உண்டாகி, இணைப்பின் மின்தடை நாளடைவில் ஏறும். தங்கம் அல்லது வெள்ளி-பல்லேடியம் பூசிய முனைகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.