நெபுலைசருடன் ஐந்து ஆண்டுகள்: கழுவுவதைவிடக் காய வைப்பதே பெரிய வேலை

அம்மாவுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். திரவ மருந்தைப் பனிபோலாக்கி மூச்சோடு இழுக்க வைக்கும் கம்ப்ரசர் நெபுலைசர் எங்கள் வீட்டில் ஐந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. நான் பாடம் கற்றதெல்லாம் மருந்து ஊற்றும் கிண்ணத்திடமும் முகமூடியிடமும்தான்.

முதல் ஆண்டில் மருந்து முடிந்ததும் கிண்ணத்தைக் குழாய்த் தண்ணீரில் அலசி, உதறிவிட்டு, ஈரத்தோடே பைக்குள் போட்டு மூடிவிடுவேன். அடுத்த வேளைக்குத் திறந்தால் உள்ளே துளிகள் நிற்கும். தண்ணீர்தானே என்று நினைத்தேன். அந்த ஆண்டு நெஞ்சில் தொற்று ஏற்பட்டு அம்மாவை இரண்டு முறை மருத்துவமனையில் சேர்த்தோம். கிண்ணம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் இரண்டாம் முறை செவிலியர் ஒருவர், "கழுவிய பிறகு எதில் காய வைக்கிறீர்கள்?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

குழாய்த் தண்ணீரில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் இருக்கலாம். குடிப்பவரைப் பெரும்பாலும் அவை ஒன்றும் செய்வதில்லை. நெபுலைசரோ அதே நீரை 1 முதல் 5 மைக்ரான் துளிகளாக்கி நுரையீரலின் அடிவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உடலில் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதை வைத்து மருத்துவக் கருவிகளை மூன்றாகப் பிரிக்கும் முறையை எர்ல் ஸ்பால்டிங் 1957இல் முன்வைத்தார். தோலை மட்டும் தொடும் ரத்த அழுத்தப் பட்டையைத் துடைத்தால் போதும், நுரையீரல்வரை மருந்தை அனுப்பும் நெபுலைசர் கிண்ணத்துக்கு அது ஏன் போதாது என்பது அதைப் படித்த பிறகே எனக்கு விளங்கியது.

இப்போது ஒவ்வொரு வேளையும் கிண்ணத்தை முழுவதும் பிரித்து, உள்ளே இருக்கும் சிறு தடுப்பையும் கழற்றி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவுகிறேன். இதைத் தவிர்த்துவிட்டு நேரே கிருமிநாசினியில் போடுவதில் பயனில்லை. ஒட்டியிருக்கும் மருந்துப் படிவு கிருமிகளுக்குக் கவசமாகிவிடும். புடசோனைடு பால் போன்ற கலங்கல் மருந்து என்பதால் அது நன்றாகவே ஒட்டும். நாளுக்கு ஒரு முறை கிண்ணத்தின் பாகங்களை 5 நிமிடம் கொதிக்க வைக்கிறேன். எங்கள் கையேடு இதை அனுமதிக்கிறது, எல்லாக் கருவிக்கும் இது பொருந்தாது. கையேட்டைப் பார்க்காமல் முகமூடியையும் கொதிநீரில் போட்டதில் அதன் விளிம்பு நெளிந்து, மூக்கோரம் மருந்து கசியத் தொடங்கியது. புது முகமூடியை 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 30 நிமிடம் ஊற வைத்து, கொதிக்க வைத்து ஆறிய நீரில் அலசுகிறேன். இங்கே குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தினால் செய்த வேலை அத்தனையும் வீண். வினிகரைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். உப்புப் படிவை அது கரைக்கும், கிருமிநீக்கத்துக்கு நான் அதை நம்புவதில்லை.

காய வைப்பதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். சுத்தமான காகிதத் துண்டின் மேல் பாகங்களைப் பரப்பி, மேலே இன்னொன்றால் மூடி, காற்றாட விடுகிறேன். அடுத்த வேளைக்குள் காயாத நாள்களும் உண்டு. அதனால் மூன்று கிண்ணங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். இந்த ஐந்து ஆண்டுகளில் எடுத்த நல்ல முடிவு இதுதான். காற்றுக் குழலுக்குள் தண்ணீர் விடுவதே இல்லை. ஈரம் தெரிந்தால் குழலை மட்டும் மாட்டி, சில நிமிடம் இயந்திரத்தை ஓட விடுவேன். வடிகட்டி நிறம் மாறினால் மாற்றிவிடுவேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் முடியும் மருந்துக்குப் பதினெட்டு நிமிடம் ஆனால், கிண்ணத்தின் நுண்துளை அடைபட்டிருக்கக்கூடும். நான் ஒருமுறை ஊசியால் குத்தித் துளையைப் பெரிதாக்கிவிட்டேன். அதன் பிறகு பனிபோல் வர வேண்டிய மருந்து தண்ணீராகத் தெறித்தது. கிண்ணத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அம்மாவுக்கும் இப்போது இது பழகிவிட்டது. மருந்து ஊற்றுவதற்கு முன் கிண்ணத்தை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். ஒரு துளி ஈரம் தெரிந்தாலும், "அடுத்ததை எடு" என்பார்.