டைமிங் லைட்டில் காட்டியதை நம்பி 18,000 போனது

டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு முறை வைத்து மின்சாரம் அனுப்பும் பாகம்) உள்ள பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எப்படி ஏமாற்றினார்கள், என்னென்ன பார்க்க வேண்டும் என்று இரண்டையும் எழுதுகிறேன்.

பழைய எஞ்சின்தான் எங்கள் வேலையே என்று சொல்லிக்கொள்ளும் ஒரு ஒர்க்‌ஷாப். பெயர் வேண்டாம். ஐடிலில் எஞ்சின் உதறுகிறது என்று விட்டேன். கிராங்க் ஷாஃப்ட் முனையில் இருக்கும் கிராங்க் புல்லியின் உள் பாகத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே இருக்கும் ரப்பர் போய்விட்டது, வளையம் நகர்ந்துவிட்டது, டைமிங் மார்க்கும் (பிளக்கில் பொறி எப்போது வருகிறது என்று பார்க்கப் புல்லியில் வெட்டியிருக்கும் குறி) கூடவே நகர்ந்துவிட்டது, புல்லியை மாற்றித்தான் டைமிங் வைக்க முடியும் என்றார்கள். அது உண்மைதான். பழைய புல்லிகளில் நடப்பதுதான். அந்த உண்மையை வைத்தே ஏமாற்றினார்கள். புல்லி, டைமிங், கூலி எல்லாம் சேர்த்து 18,000.

வண்டி எடுக்கப் போன அன்று அங்கிருந்த ஆள் டைமிங் லைட்டை (ஒன்றாம் பிளக்கில் பொறி வரும்போதெல்லாம் மின்னும் விளக்கு) என் கையிலேயே கொடுத்தார். ஒன்றாம் பிளக் ஒயரில் கிளாம்ப் மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்து, எல்லாம் முறைப்படி. லைட் அடித்தால் புல்லியில் வெள்ளைக் கோடு 10 டிகிரிக்கு (அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர 10 டிகிரி முன்னால் பொறி) நேராக ஆடாமல் நிற்கிறது. மேனுவலும் 10 டிகிரிதான் சொல்கிறது. “சார், உங்க கண்ணாலயே பாத்துக்கோங்க” என்றார். பார்த்தேன். 18,000-ஐ எண்ணிக் கொடுத்தேன்.

ஓட்டிப் பார்த்தால், மேடு ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எஞ்சினுக்குள் டக்டக்கென்று நாக்கிங். சூட்டோடு ஸ்டார்ட் பண்ணினால் ஸ்டார்ட்டர் திணறுகிறது. டைமிங் அளவுக்கு மீறி முன்னால் போனால், அதாவது பொறி சீக்கிரமே வந்தால், வரும் அடையாளங்கள் இவை. திரும்பப் போனேன். முதலில் பெட்ரோல் மேல் பழி. அடுத்த முறை, “பழைய எஞ்சின் சார், அப்படித்தான் இருக்கும்.” அப்புறம், “லைட்ல நீங்களே பாத்தீங்களே, இப்ப வந்து எங்களச் சொன்னா எப்படி?” கழற்றிய பழைய புல்லியைக் கேட்டேன். ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். இப்போது போனையே எடுப்பதில்லை.

வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் லைட்டையே தொடவில்லை. ஒன்றாம் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பை (பிஸ்டன் உச்சிவரை வராமல் தடுக்கும் கம்பி) முறுக்கினார். எஞ்சினைக் கையால் மெதுவாக ஒரு பக்கம் முட்டும்வரை திருப்பி, எஞ்சினில் உள்ள முள்ளுக்கு நேரே புல்லியில் ஒரு குறி. எதிர்ப்பக்கம் திருப்பி முட்டிய இடத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் நட்ட நடுவே இருப்பதுதான் பிஸ்டனின் உண்மையான டாப், அதாவது உச்சி. அந்த வெள்ளைக் கோடோ அதிலிருந்து 12 டிகிரி தள்ளி இருந்தது! கோட்டைச் சுரண்டினால் கீழே துரு. வெட்டு எதுவும் இல்லை. ரப்பர் வெடித்த அதே பழைய புல்லி.

புல்லியை மாற்றவே இல்லை. காதால் கேட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்துவிட்டு, லைட்டில் 10-க்கு நேரே தெரியும்படி புல்லியில் பெயின்ட் கோடு போட்டிருக்கிறார்கள். லைட் 10 என்று காட்டியபோது எஞ்சின் ஓடியது 22 டிகிரியில். வேகம் கூடும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் விரிந்து அதை இன்னும் முன்னே தள்ளும். இப்படியே ஓட்டியிருந்தால் பிஸ்டனே உடைந்திருக்கும் என்றார் அவர். ஒன்றாம் பிளக்கின் பீங்கானில் அலுமினியப் புள்ளிகள் ஏற்கெனவே ஒட்டியிருந்தன. பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன், ஒரு பதிலும் இல்லை. 18,000!

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. இவற்றை மட்டும் பாருங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். புல்லி விஷயம் என்றால் பிஸ்டன் ஸ்டாப் வைத்து டாப்பைக் காட்டச் சொல்லுங்கள், லைட் மட்டும் போதாது. பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின் தொடுமுனை) உள்ள வண்டியில் அதன் இடைவெளியை வைத்த பிறகுதான் டைமிங் வைக்க வேண்டும், மாற்றிச் செய்தால் டைமிங் நகர்ந்துவிடும். பெயின்ட் கோட்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், அடியில் வெட்டு இல்லையென்றால் வண்டியை எடுக்காதீர்கள்.