ப்யூர் லினன்னு சொல்லி பாலியஸ்டரைத் தலையில கட்டிட்டாங்க, துணி வாங்குறவங்க கவனிங்க

மீட்டர் கணக்குல ஆன்லைன்ல துணி எடுத்து தைக்கிறவங்க இதைப் படிச்சிட்டு ஆர்டர் போடுங்க. "100% ப்யூர் லினன்"னு போட்டு வித்தாங்க, எனக்கு வந்ததுல பாவு (நீளவாக்கு நூல்) முழுக்க பாலியஸ்டர், ஊடை (குறுக்கு நூல்) முழுக்க விஸ்கோஸ் (மரக்கூழுல செய்யிற இழை), லினன்னு ஒரு இழை கூட கிடையாது. கடை பேரை நான் இங்க போடல. இதே வேலையை நிறைய பேர் பண்றாங்க, அதனால எப்படி ஏமாத்துறாங்கன்னு தெரிஞ்சுக்கிறதுதான் உங்களுக்கு உதவும்.

பார்சல் பிரிச்சப்போ சந்தேகமே வரல. நல்லா மொடமொடன்னு, கொஞ்சம் கனமா, அங்கங்க நூல் தடிச்சு தடிச்சு, பாக்குறதுக்கு அசல் லினன்தான். வெட்டுறதுக்கு முன்னாடி சுருங்கட்டும்னு தண்ணியில ஊறப்போட்டேன், தண்ணி வெள்ளையா கலங்கி கொழகொழன்னு ஆயிடுச்சு, துணியைத் தூக்குனா பாதி கனம் காணோம். அவ்வளவும் கஞ்சி. போட்டிருந்த ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கற) கணக்குல அந்தக் கஞ்சியும் சேர்த்திதான்! காஞ்சதும் லினன் செட்டிங்ல அயர்ன் வச்சேன், தேய்ச்ச இடம் பளபளன்னு ஆகி பெட்டியில லேசா ஒட்டுச்சு. அங்கதான் மாட்டுனாங்க. லினன் செட்டிங்ல பெட்டி 200 டிகிரிக்கு மேல போகும், அசல் லினன் அதைத் தாங்கும், பாலியஸ்டர் 250-260 டிகிரியில உருகிடும், அதுக்கு முன்னாடியே இளகி மினுங்க ஆரம்பிச்சிடும்.

உடனே மெசேஜ் போட்டேன். வந்த பதில் "மேடம் இது ரிங்கிள் ஃப்ரீ (கசங்காத) ஃபினிஷ், அதனால ஷைனிங் வரும்". சரி, அப்போ எரிச்சுக் காட்டுங்கன்னு கேட்டேன். கேட்ட உடனே ரெடியா ஒரு வீடியோ அனுப்புனாங்க பாருங்க, ஒரு நூலை உருவி தீ வைக்கிறாங்க, பேப்பர் கணக்கா எரிஞ்சு மெல்லிசா சாம்பல் உதிருது. யாரு பாத்தாலும் நம்பிடுவாங்க. நான் இங்க ஒரு நூலை உருவி எரிச்சா அதுவும் அப்படியே எரியுது, குழம்பிப் போயிட்டேன், அப்புறம் அடுத்த திசையில ஓடுற நூலை உருவி தீ வச்சேன், சுருண்டு உருகி கறுப்புப் புகை விட்டு நுனியில கெட்டியா ஒரு மணி உருண்டு நின்னுச்சு, நகத்தால நசுக்குனா நசுங்கல. அது பாலியஸ்டர், வேற பேச்சே இல்ல.

மொத்த ஏமாத்தும் இதுலதான் இருக்கு. துணிக்கு ரெண்டு திசை நூல், கரைக்கு இணையா ஓடுறது பாவு, குறுக்கே போறது ஊடை. வீடியோவுல அவங்க எரிச்சது ஊடை நூலை மட்டும். தறியில இழுவை தாங்க வேண்டியது பாவுதான், அடிக்கடி அறுந்தா தறி நின்னுக்கிட்டே இருக்கும், அதனால விலை குறைஞ்ச, அறாத பாலியஸ்டர் இழையைப் பாவுக்குப் போட்டுட்டு, கையில தொட்டா தெரியிற ஊடைக்கு மட்டும் வேற நூல் விட்டிருக்காங்க. அப்படி நெய்யிறது தப்பே கிடையாது, அதை ப்யூர் லினன்னு விக்கிறதுதான் அயோக்கியத்தனம். எந்தப் பக்கத்து நூலை எரிச்சீங்கன்னு கேட்டேன், "நூல்னா நூல்தான் மேடம்"னு பதில் வருது. படமெடுத்து அனுப்புனேன், அப்போ "அது கரை நூலா இருக்கும்"னாங்க. கரையில பலத்துக்கு வேற நூல் போடறது உண்மைதான், அதனாலதான் நான் நடுத்துணியில இருந்தே எடுத்து திரும்ப எரிச்சு வீடியோ போட்டேன். அதுக்கப்புறம் பதிலே இல்ல.

சரி, ஊடையாவது லினனான்னு பாத்தா அதுவும் இல்ல. எரிச்சுப் பாக்குறது இங்க உதவாது, ஏன்னா பருத்தி, லினன், விஸ்கோஸ் மூணுமே செல்லுலோஸ்தான் (செடி, மரத்துல இருக்கற நார்ப்பொருள்), மூணும் ஒரே மாதிரிதான் எரியும். அதுக்கு தண்ணி டெஸ்ட் பண்ணணும். நூலை உருவி காஞ்சபடி ஒரு தடவை இழுத்துப் பாருங்க, நல்லா நனைச்சு இன்னொரு தடவை இழுங்க. லினனும் பருத்தியும் நனைஞ்சா இன்னும் உறுதியாகும், விஸ்கோஸ் கிட்டத்தட்ட பாதி பலத்தை இழந்துடும். என்னோடது நனைச்சதும் சொத்துன்னு அறுந்துச்சு. அந்த தடிப்பு இருக்கே, அதையும் உத்துப் பாத்தா ஒரே இடைவெளியில திரும்பத் திரும்ப வருது, மெஷின்ல வேணும்னே விட்ட தடிப்பு அது. அசல் லினன் ஆளிச்செடி நார், அந்தத் தண்டை ஊறவச்சு மட்கவச்சு நசுக்கி சீவி எடுக்குற நார்ல தடிப்பு வந்தா இப்படி கணக்கு வச்சு வராது. அவ்வளவு வேலை இருக்கறதாலதான் அசல் லினனுக்கு அந்த விலை.

விஸ்கோஸ் மட்டமான துணின்னு சொல்ல வரல, எனக்குப் பிடிக்கும், நல்லா தொங்கி விழும். மரக்கூழை காஸ்டிக் சோடா, கார்பன் டைசல்ஃபைடுல கரைச்சு அமிலத் தொட்டிக்குள்ள இழையா பீய்ச்சி எடுக்குறது, 1892-லயே பேட்டன்ட் ஆன முறை. மூங்கில் துணின்னு விக்கிறதுல பெரும்பாலானதும் இதே சமாச்சாரம்தான், மரத்துக்குப் பதிலா மூங்கில் கூழு. 2009-ல அமெரிக்காவுல ஃபெடரல் டிரேட் கமிஷன், இதை மூங்கில்னு பேர் போட்டு வித்த கம்பெனிங்க மேல நடவடிக்கையே எடுத்துச்சு. ஆனா பாலியஸ்டர் கதை வேற. வழக்கமான காத்து ஈரத்துல லினன் தன் எடையில 12 சதவீதம் வரைக்கும் ஈரம் பிடிக்கும், பருத்தி 8.5, பாலியஸ்டர் வெறும் 0.4. வெயில்ல போட்டுக்க லினன் சட்டைன்னு காசு கொடுத்துட்டு வேர்வை உடம்புல பிசுபிசுன்னு நிக்கிறது இதனாலதான்.

பணம் திரும்ப வந்துச்சான்னு கேப்பீங்க, வரல. நனைச்ச துணிக்கு ரிட்டர்ன் கிடையாதாம். எனக்கு நனைச்சப்புறம்தான் தெரிஞ்சுது, நனைச்சா எடுத்துக்க மாட்டாங்க, எவ்வளவு வசதியான ரூல் பாருங்க. கடைசியா அடுத்த ஆர்டருக்கு கூப்பன் தர்றோம்னு வந்தாங்க, அடுத்த ஆர்டராம்! மறுநாள் அந்தப் பக்கத்தைத் திறந்து பாத்தா "ப்யூர் லினன்" போய் "லினன் ஃபீல்"னு மாறியிருக்கு. நல்லவேளை ஸ்கிரீன்ஷாட் இருந்துச்சு, ஆர்டர் போடறப்பவே எடுத்து வச்சிடுங்க, அப்புறம் எடுக்கலாம்னு விட்டா இருக்காது. அந்த ஸ்கிரீன்ஷாட்டை வச்சுதான் இப்ப சைட்டுல புகார் கொடுத்திருக்கேன், ஓடிட்டு இருக்கு.

அதனால பார்சல் வந்ததும் தண்ணியில போடாதீங்க. வெட்டு ஓரத்துல, கரையை விட்டுத் தள்ளி, பாவுல ஒண்ணு ஊடையில ஒண்ணு உருவி ரெண்டையும் தனித்தனியா எரிங்க, வீடியோ எடுத்துக்கிட்டே. இடுக்கியில பிடிங்க, கீழ தண்ணி ஊத்துன தட்டு இருக்கணும், உருகுன பாலியஸ்டர் சொட்டு தோல்ல விழுந்தா ஒட்டிக்கிட்டு பொசுக்கிடும். எரிஞ்ச சாம்பலை ஆறவிட்டு விரலால தேயுங்க, நறநறன்னு கெட்டியா ஏதாவது சிக்குனா ஒரே நூல்லயே பாலியஸ்டர் கலந்திருக்குன்னு வச்சுக்கங்க. துணியை ரெண்டு கையாலயும் கசக்கித் தேச்சா வெள்ளைப்பொடி கொட்டுதா, கஞ்சி ஏத்தியிருக்காங்க. போன்ல மாட்டுற சின்ன மைக்ரோஸ்கோப் வச்சிருக்கவங்க இன்னும் சுலபமா பாக்கலாம், லினன் நார்ல குறுக்கே கணுக்கணுவா தெரியும், பருத்தி தட்டையா முறுக்கிக்கிட்டு இருக்கும், பாலியஸ்டர் பொதுவா வழவழன்னு இருக்கும்.

அதே ஃபோட்டோ, அதே மடிப்பு, இப்ப வேற கடை பேர்ல ஓடிட்டு இருக்கு. தலைப்புல லினன்னு பெருசா இருக்கும், உள்ள போய் ஃபேப்ரிக் கம்போசிஷன், அதாவது எந்த நூல் எவ்வளவுன்னு போடற இடத்தைப் பாருங்க, காலியா விட்டிருப்பாங்க.