‘பாத்துச் செய்யணும்’ என்பதா, ‘இவ்வளவு வரணும்’ என்பதா?

மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டியாபீஸில் 6 வருஷம் கணக்கு எழுதினேன். எங்கள் ஊரில் முந்திரி ஆலைக்கு அதுதான் பெயர். சனிக்கிழமை சம்பளக் கவரை நீட்டும்போது காதில் விழுந்தவை இரண்டே விதப் பேச்சு.

“சார், இந்த வாரம் கூடுதல் நேரம் நின்னேன், பாத்துச் செய்யணும்.” மரியாதையான பேச்சு, மனத்தாங்கல் வராது. ஆனால் எவ்வளவு என்பதை முதலாளியே முடிவு செய்வார். ஐம்பதோ நூறோ விழும். அதற்கு நன்றியும் சொல்ல வேண்டிவரும்.

மற்றது, பேக்கிங்கில் நின்ற ஒரு அக்கா பேசியது. சேலை முந்தியில் முடிந்திருந்த துண்டுச் சீட்டைப் பிரித்து மேசையில் வைத்தார். தினமும் வந்த நேரம், போன நேரம், எல்லாம் பென்சிலில். “சார், மொத்தம் 54 மணி. 48 போக 6 மணிக்கு இரட்டிப்புக் கூலி வரணும். இன்னைக்கா, திங்களா?” குரல் உயரவில்லை. கேட்டுவிட்டுச் சும்மா நின்றார். அந்த மௌனத்தைத்தான் பலராலும் தாங்க முடிவதில்லை. “பரவால்ல சார், பாதி தந்தா போதும்” என்று தாங்களே இறங்கிவிடுவார்கள். அவர் இறங்கவில்லை. திங்கட்கிழமை முழுசாக வந்தது.

அவர் ஆசைக்குக் கேட்டதல்ல அது. நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி தாண்டினால் இரட்டிப்பு என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவே எழுதிவைத்தது.

கிறிஸ்துமஸ் இனாமுக்கும் முன்பணத்துக்கும் முதல் பேச்சே போதும், அழகும்கூட. உழைத்த மணிக்கு மட்டும் அதைச் சொல்லாதீர்கள் அக்காமாரே. சீட்டு எழுத முடியாவிட்டால், உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் மகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள். நேரம் தானாகப் பதிந்துவிடும்.